முற்பிறவிக்கு வகுப்பறையில் என்ன வேலை?

2024 செப்டம்பர் முதல் வாரத்தில், சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் எடுக்கப்பட்ட காணொளி ஒன்று தமிழகமெங்கும் பரவியது. தன்னம்பிக்கை உரை என்ற பெயரில் மாணவிகளிடம் பேச வந்த ஆன்மிகப் பேச்சாளர் ஒருவர் மறுபிறவியைப் பற்றியும் முன்வினையைப் பற்றியும் பேசினார். ஒருவர் உடற்குறையோடும் வறுமையோடும் பிறப்பதற்கு அவர் முற்பிறவியில் செய்த பாவமே காரணம் என்பது அவ்வுரையின் சாரம். அரங்கிலிருந்த பார்வை மாற்றுத்திறனாளியான ஆசிரியர் ஒருவர் எழுந்து, பள்ளியில் இப்படிப் பேசலாமா என்று கேட்டார். வாக்குவாதம் மூண்டது. அதன்பின் கல்வி அமைச்சர் அந்த ஆசிரியரை நேரில் பாராட்டினார். தலைமையாசிரியர்கள் இடமாற்றம் செய்யப்பட்டனர். பேச்சாளர் கைது செய்யப்பட்டார்.

செய்தி அத்தோடு முடிந்தது. ஆனால் அந்த ஆசிரியர் எழுப்பிய கேள்வி முடியவில்லை. மனித உடல் ஏன் இப்படிப் பிறக்கிறது, நிலம் ஏன் அதிர்கிறது, மழை ஏன் பொய்க்கிறது என்பவை இயற்கையைப் பற்றிய கேள்விகள். அவற்றுக்கு மதம் தரும் விடையை அரசின் பொறுப்பிலுள்ள வகுப்பறையில் உண்மையென்று கற்பிக்கலாமா? கற்பித்தால் மாணவர் மறுத்துக் கேட்கலாமா? இதைப் பகுத்தறிவாளருக்கும் ஆத்திகருக்கும் இடையிலான பழைய வழக்காக மட்டும் பார்ப்பது போதாது. சாதியால் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இது சமத்துவ உரிமை குறித்த வழக்கு. ஏன் என்பதையும், சட்டம் நமக்கு என்ன தருகிறது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயற்கை என்ற பெயரில் சாதி

சாதி தன்னை மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு என்று ஒருபோதும் அறிமுகப்படுத்திக்கொண்டதில்லை. இயற்கையின் ஒழுங்கு என்றே அது தன்னைச் சொல்லிவந்திருக்கிறது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்திலுள்ள புருஷ சூக்தம், ஆதிபுருஷனின் மனத்திலிருந்து நிலவும் கண்ணிலிருந்து கதிரவனும் தோன்றியதாகக் கூறுகிறது. அதே மூச்சில், வாய், கை, தொடை, கால் ஆகியவற்றோடு நான்கு வருணங்களைப் பொருத்துகிறது. அதாவது, கதிரவன் எப்படி இயற்கையோ அப்படியே வருணமும் இயற்கை என்றாகிறது. 1946இல் வெளிவந்த 'சூத்திரர்கள் யார்?' என்ற நூலில் அண்ணல் அம்பேத்கர் இந்தப் பாடலை ஆராயப் பல பக்கங்களை ஒதுக்கியது தற்செயலன்று. உலகத் தோற்றம் பற்றிய ஒரு கதை, சமூகத்தின் நிலையான சட்டமாக எப்படி உயர்த்தப்பட்டது என்பதுதான் அவருடைய கேள்வி.

தீட்டும் அப்படிப்பட்டதே. இன்னார் தொட்டால் நீர் கெடும் என்பது, கூர்ந்து பார்த்தால், நீரின் தன்மையைப் பற்றிய ஒரு கூற்று. 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் நீர் அருந்தினார்கள். நீர் மாறவில்லை. ஆனாலும் சாதி இந்துக்கள் பசுவின் சாணம், கோமியம், பால், தயிர் கலந்த 108 குடம் நீரை ஊற்றி அக்குளத்தைத் 'தூய்மை' செய்தார்கள். எது அசுத்தம் என்று முடிவு செய்தது அங்கே கண்ணோ மூக்கோ அல்ல, சாத்திரம். பத்தாண்டுகள் நீடித்த வழக்கில் 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் மக்களின் பக்கம் தீர்ப்பளித்தது.

கருமவினைக் கொள்கையும் இதே வேலையைச் செய்கிறது. முன்வினையால் குருடாகப் பிறப்பார்கள் என்று வகுப்பில் சொல்லப்படும்போது, சேரியில் பிறந்த மாணவி அடுத்த வரியைத் தானே நிரப்பிக்கொள்வாள். சாதியின் பெயரை யாரும் உச்சரிக்கத் தேவையில்லை. ஏற்றத்தாழ்வு பிறப்பிலேயே தகுதிக்கேற்ப வழங்கப்படுகிறது என்பதை ஒருமுறை ஒப்புக்கொண்டால் எஞ்சியது தானாக நடக்கும். அம்பேத்கர் மறைந்தபின் 1957இல் வெளியான 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் இதற்குத் தெளிவான மறுப்பு உண்டு. முற்பிறவி வினையே இப்பிறவியின் நிலைக்குக் காரணம் என்ற கோட்பாட்டால், ஏழைகளும் தாழ்த்தப்பட்டோரும் இருக்கும் நிலைக்கான பொறுப்பிலிருந்து அரசும் சமூகமும் தப்பித்துக்கொள்கின்றன என்று அவர் அங்கே வாதிடுகிறார்.

காரணம் தெரிந்தால்தான் பொறுப்பு தெரியும்

பொறுப்பு என்ற அந்தச் சொல் ஒரு வழக்கறிஞருக்கு மிக முக்கியமானது. எந்த வழக்கிலும் காரணத்தை நிறுவாமல் பொறுப்பை நிறுவ முடியாது. காரணத்தை முற்பிறவிக்கு அனுப்பிவிட்டால், இப்பிறவியில் பிரதிவாதியே இல்லாமல் போய்விடுகிறார்.

இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். 1941இல் நார்மன் கிரெக் என்ற ஆஸ்திரேலியக் கண் மருத்துவர், பிறவிக் கண்புரையோடு வந்த குழந்தைகள் பலரின் தாய்மார்கள் கருவுற்ற தொடக்க மாதங்களில் ரூபெல்லா அம்மைக்கு ஆளாகியிருந்ததைக் கவனித்தார். அந்த வைரஸ் கருவின் கண், காது, இதயம் ஆகியவற்றைத் தாக்கும் என்பது பின்னர் உறுதியானது. தடுப்பூசி வந்தது. 2017 பிப்ரவரியில் இந்திய அரசு தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கத்தைத் தொடங்கியபோது முதல் கட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் இருந்தது. முன்வினைதான் காரணம் என்று நின்றிருந்தால் அந்த ஊசி வந்திருக்காது. ஊட்டச்சத்துக் குறை, கருவுற்ற காலக் கவனிப்பின்மை, நெருங்கிய உறவில் திருமணம் என்று பிறவிக் குறைகளுக்குப் பின்னாலுள்ள பல காரணங்கள் மனிதர்களால் மாற்றக்கூடியவை. மாற்றத் தவறினால் யாரைக் கேட்பது என்பதும் தெரியக்கூடியவை.

அடுத்தது கழிவுநீர்த் தொட்டி. அதற்குள் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் தேங்குகின்றன. ஹைட்ரஜன் சல்பைடின் அளவு கூடும்போது முதலில் செயலிழப்பது மனிதரின் முகரும் திறன். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் அவர் மயங்கி விழுவார். காப்பாற்றக் குதிப்பவரும் அதே மூச்சில் சாவார். 'அவன் விதி' என்று ஊர் சொல்லும். இல்லை, இது வாயு, இயந்திரம் இல்லை, இறக்கிவிட்டவர் இன்னார் என்று சொன்னதால்தான் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதனால்தான் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இந்த வேதியியலைப் பள்ளியில் படிப்பதற்கும் விதியைப் பள்ளியில் படிப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு, நம் மக்களைப் பொறுத்தவரை உயிர் சார்ந்தது.

நமக்குச் சாதகமான கூற்றையும் கேட்க வேண்டும்

இங்கே ஒரு கடினமான எடுத்துக்காட்டையும் நேர்மையாகப் பேசியாக வேண்டும். 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. பல்லாயிரம் பேர் மடிந்தனர். அப்போது தீண்டாமை எதிர்ப்புப் பயணத்தில் தமிழகத்திலிருந்த காந்தி, ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் அளித்த தண்டனையே அந்நிலநடுக்கம் என்றார்.

தீண்டாமைக்கு எதிரான கூற்றுதானே, நாம் ஏன் மறுக்க வேண்டும் என்று தோன்றலாம். மறுத்தவர் இரவீந்திரநாத் தாகூர். காந்தி நடத்திய 'ஹரிஜன்' இதழிலேயே 1934 பிப்ரவரியில் அவருடைய மறுப்பு வெளிவந்தது. தீண்டாமையைக் காந்தியைப் போலவே அவரும் எதிர்த்தார். ஆனால் இயற்கை நிகழ்வுகளுக்குக் காரணம் இயற்கையில்தான் தேடப்பட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். இப்படிப்பட்ட வாதத்தை எதிர்த்தரப்பும் கையிலெடுக்கலாம் என்றும், காந்தியும் அவரைப் பின்பற்றுவோரும் செய்த செயல்தான் பேரிடருக்குக் காரணமென்று அவர்கள் சொல்லலாம் என்றும் எச்சரித்தார். தீண்டப்படாதோரைக் கோயிலுக்குள் விட்டதால் தெய்வம் சினந்தது என்று சனாதனி சொன்னால், காந்தியின் கூற்றை ஏற்றவர் எதை வைத்து அதை மறுப்பார்?

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். நிலநடுக்கத்தில் இடிந்த சுவர்களுக்குக் கீழே தீண்டாமையைக் கடைப்பிடித்தோரும் இருந்தனர். அதனால் மிதிக்கப்பட்டோரும் இருந்தனர். குற்றவாளியையும் பாதிக்கப்பட்டவரையும் பிரித்தறியாத தண்டனையை எந்தச் சட்டமும் நீதி என்று ஒப்புக்கொள்ளாது. இந்தியப் புவித்தட்டு ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து ஆசியத் தட்டோடு மோதுவதால் இமயமலையின் அடிவாரம் அதிர்கிறது. தீண்டாமை ஒழிய வேண்டியதற்கு அதன் கொடுமையே போதுமான காரணம். பூமியைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.

1934இல் தாகூர் எச்சரித்த பாதை எங்கே கொண்டுசேர்க்கும் என்பதை 2023 செப்டம்பரில் பார்த்தோம். இமாசலப் பிரதேசத்தில் நிலச்சரிவுகளும் மேகவெடிப்புகளும் நேர்ந்தபோது, மண்டி ஐஐடியின் இயக்குநர் மாணவர்களிடம் அதற்கு விலங்குகளைக் கொல்வதும் இறைச்சி உண்பதும் காரணம் என்று சொல்லி, இறைச்சி உண்பதில்லை என உறுதியேற்கச் செய்தார். காந்தியின் கூற்றில் குற்றவாளி தீண்டாமையைக் கடைப்பிடித்தவர். இவருடைய கூற்றில் குற்றவாளி இறைச்சி உண்பவர். இந்நாட்டில் மாட்டிறைச்சி உண்போர் என்று குறிவைத்து அடிக்கப்படுவோர் யார் என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலையைக் குடைந்து சாலை போட்டவர்களும் ஆற்றங்கரையில் அடுக்குமாடி எழுப்ப அனுமதித்தவர்களும் இந்தக் கூற்றில் இடம்பெறவே இல்லை.

சேர்ப்பதும் நீக்குவதும்

இவை தனித்தனி நிகழ்வுகள் அல்ல. 2021 தொடக்கத்தில் ராஷ்ட்ரிய காமதேனு ஆயோக் என்ற ஒன்றிய அரசு அமைப்பு நாடு தழுவிய 'பசு அறிவியல்' தேர்வை அறிவித்தது. நாட்டு மாட்டின் பாலில் தங்கம் உண்டு என்பதும் விலங்கு வதைக்கும் நிலநடுக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்பதும் அதன் பாடக்குறிப்பில் இருந்தன. மாணவர்களை அத்தேர்வு எழுத ஊக்குவிக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு துணைவேந்தர்களுக்கு எழுதியது. அறிவியலாளர்களும் மாணவர் அமைப்புகளும் எதிர்த்தபின் தேர்வு நடக்காமல் போனது. எதிர்ப்புக்குப் பயன் உண்டு என்பதற்கு இது சான்று.

மதக் கூற்றைச் சேர்ப்பது ஒரு வழி என்றால், அதற்கு இடையூறான அறிவியலை நீக்குவது இன்னொரு வழி. 2018 ஜனவரியில், அப்போதைய மனிதவள மேம்பாட்டுத் துறை இணை அமைச்சர் சத்யபால் சிங், டார்வின் கோட்பாடு தவறு என்றும் பாடத்திலிருந்து அது மாற வேண்டும் என்றும் பேசினார். 2023இல் என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபுவழியும் பரிணாமமும்' என்றிருந்த பாடம் 'மரபுவழி' என்று சுருங்கியது. பாடச்சுமையைக் குறைப்பதே நோக்கம் என்றும், பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமம் உண்டு என்றும் விளக்கம் தரப்பட்டது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்ட திறந்த மடல் இதைக் கண்டித்தது.

அந்த விளக்கத்தை நாம் நம் நிலையிலிருந்து படிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலைத் தெரிவு செய்வோருக்கே அந்தப் பாடம் கிட்டும். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகளில் தலித், பழங்குடிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும். மனிதர் எல்லோரும் ஓரினம், ஆப்பிரிக்காவில் தோன்றிய ஒரே மூதாதையர் வழிவந்தவர்கள், நம் மரபணு வரிசையில் ஏறத்தாழ 99.9 விழுக்காடு அனைவருக்கும் பொது என்ற அறிவு, பிறப்பால் உயர்வு தாழ்வு உண்டு என்ற கூற்றுக்கு எதிரான வலிமையான சான்று. அது யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குக் கிடைக்காத வகுப்புக்கு அது நகர்த்தப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாக இருப்பதை நாம் போற்றிக் காக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசுப் பள்ளியில் ஆன்மிகம் பேசக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்ற கேள்வி அசோக் நகர் நிகழ்வின்போது பலமுறை எழுந்தது. விடை அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவில் இருக்கிறது. முழுவதும் அரசு நிதியால் நடத்தப்படும் எந்தக் கல்வி நிறுவனத்திலும் மதப் போதனை வழங்கக் கூடாது என்கிறது 28(1). அரசின் ஏற்போ நிதியுதவியோ பெற்ற நிறுவனங்களில், மாணவரின் இசைவின்றி, அவர் சிறுவராயின் பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவின்றி, மதப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 28(3). ஆக, அரசுப் பள்ளியில் இதற்கு முழுத் தடை; உதவி பெறும் பள்ளியிலும் தனியார் பள்ளியிலும் இசைவு இன்றியமையாதது.

மதப் போதனை என்றால் என்ன? 1948 டிசம்பரில் அரசமைப்பு அவையில் இந்தப் பிரிவு விவாதிக்கப்பட்டபோது, இக்கேள்விக்கு விடையளித்தவர் அம்பேத்கரே. மதத்தைப் பற்றிய ஆய்வும் படிப்பும் வேறு, மதப் போதனை வேறு என்று அவர் பிரித்தார். இன்னதை நம்பு என்று மாறாக் கோட்பாட்டைப் புகட்டுவது போதனை; அது படிப்பிலிருந்து முற்றிலும் வேறானது என்றார். 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே வேறுபாட்டின் மீது நின்றுதான், மதங்களைப் பற்றிக் கற்பிக்கத் தடையில்லை என்று தீர்ப்பளித்தது. ஆனால் இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு மிக மெல்லியது என்றும், படிப்பு என்ற பெயரில் போதனை நுழையாதபடி காக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் நீதிபதி தர்மாதிகாரி எச்சரித்தார்.

இந்த வேறுபாட்டை மாணவர் எளிதாகச் சோதித்துப் பார்க்கலாம். வகுப்பில் மறுத்துக் கேட்க இடமிருக்கிறதா? 'புருஷ சூக்தம் இப்படிக் கூறுகிறது. அதை இன்னார் ஏற்றனர், அம்பேத்கர் இப்படி மறுத்தார்' என்று ஆசிரியர் சொன்னால் அது படிப்பு. 'நீ இப்படிப் பிறந்ததற்கு உன் முன்வினை காரணம்' என்று சொல்லி, கேட்டவரை அதட்டி உட்காரவைத்தால் அது போதனை.

சட்டத்தின் எல்லைகளையும் மறைக்கக் கூடாது. 2001இல் பல்கலைக்கழகங்களில் சோதிடப் படிப்பைத் தொடங்க மானியக் குழு முடிவெடுத்ததை எதிர்த்து அறிவியலாளர் பி.எம். பார்கவா வழக்குத் தொடுத்தார். 2004இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. விருப்பப் பாடம்தானே, கல்வி விவகாரத்தில் வல்லுநர் குழுவின் முடிவில் நாங்கள் தலையிட மாட்டோம் என்பது அதன் போக்கு. அதற்கு மறு ஆண்டு, 2005இல், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டோவர் ஊர்ப் பள்ளி வழக்கை விசாரித்த நீதிபதி, உயிர்களின் தோற்றத்துக்குப் பின்னால் ஓர் அறிவார்ந்த வடிவமைப்பாளர் இருக்கிறார் என்ற பாடம் அறிவியலா என்று வாரக்கணக்கில் சாட்சிகளை விசாரித்து, அல்ல, அது மதமே என்று தீர்ப்பளித்தார். நம் நீதிமன்றங்கள் அந்தக் கேள்விக்குள் இறங்கத் தயங்குகின்றன. ஆகவே நீதிமன்றத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது.

வேறு துணைகளும் உண்டு. 1976ஆம் ஆண்டு 42ஆவது திருத்தத்தால் வந்த 51ஏ(எச்) பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆய்ந்தறியும் உணர்வையும் சீர்திருத்த உணர்வையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. அது மீறப்பட்டதற்காக நேரடியாக வழக்குத் தொடுக்க இயலாது. பிற சட்டங்களுக்குப் பொருள் காண நீதிமன்றங்கள் அதைத் துணைகொள்கின்றன. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 29(2) பிரிவு, எட்டாம் வகுப்பு வரையிலான பாடத்திட்டம் அரசமைப்பு விழுமியங்களுக்கு ஒத்திருக்க வேண்டும் என்றும், குழந்தை அச்சமின்றித் தன் கருத்தைச் சொல்ல உதவ வேண்டும் என்றும் கூறுகிறது. மாற்றுத்திறனாளியைப் பொதுவெளியில் இழிவுபடுத்தும் எண்ணத்தோடு அவமதிப்பது, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி குற்றம்.

நம்மில் பலர் கவனிக்காத ஒரு பிரிவும் உண்டு. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955இன் 7ஆம் பிரிவு, தீண்டாமையை ஊக்குவிப்பதைத் தண்டிக்கிறது. வரலாறு, தத்துவம், மதம், சாதி மரபு என எந்த அடிப்படையைக் காட்டித் தீண்டாமையை நியாயப்படுத்தினாலும் அது ஊக்குவிப்பதாகவே கொள்ளப்படும் என்று அதன் விளக்கக் குறிப்பு சொல்கிறது. முன்வினை பற்றிய எல்லாப் பேச்சும் இதற்குள் வந்துவிடாது. தீண்டாமையை முன்வினையைக் காட்டி ஒருவர் நியாயப்படுத்தினால், மத நம்பிக்கை என்ற கேடயம் அவரைக் காக்காது.

இரண்டு ஐயங்கள்

இது மத நம்பிக்கை மீதான தாக்குதல் அல்லவா என்று கேட்கப்படும். இல்லை. 1986இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில், மத நம்பிக்கை காரணமாக நாட்டுப்பண் பாடாமல் மரியாதையோடு நின்ற மூன்று கேரள மாணவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாணவரின் மனச்சான்று வகுப்பறை வாசலில் கழற்றி வைக்கப்படும் செருப்பன்று. நம்பும் மாணவருக்கு உள்ள அந்தப் பாதுகாப்பு நம்பாத மாணவருக்கும் உண்டு. திருநீறு பூசிய தோழியைக் கிண்டல் செய்ய இந்தக் கட்டுரையைப் பயன்படுத்துவோர் இதைத் தவறாகப் படித்தவர்கள். நம் கேள்வி, பாடம் நடத்தும் அதிகாரத்தை நோக்கியது. அந்த அளவுகோலும் எல்லோருக்கும் ஒன்றே. உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டதை அறிவியல் உண்மையாகச் சொல்லும் கிறித்தவப் பள்ளியையும், மறுபிறவியை உடலியல் உண்மையாகச் சொல்லும் பௌத்தரையும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு ஐயம் என் தரப்பிலிருந்தே எழுவது. அந்தப் பேச்சாளரைக் கைது செய்ததை நம் தோழர்கள் பலர் வரவேற்றார்கள். நான் தயக்கத்தோடுதான் பார்க்கிறேன். பிரிவினரிடையே பகை மூட்டுவது, மத உணர்வைப் புண்படுத்துவது போன்ற குற்றப் பிரிவுகள் பெரும்பாலும் யார் மீது பாய்கின்றன என்பது அம்பேத்கரிய, பெரியாரியச் செயல்பாட்டாளர்களுக்கு வழக்குக் கட்டுகளாகவே தெரியும். அரசுப் பள்ளிக்குள் அந்த உரையை அனுமதித்தது யார், உரையின் பொருளைச் சரிபார்க்கும் நடைமுறை ஏன் இல்லை என்பவையே நிர்வாகம் விடை சொல்ல வேண்டிய கேள்விகள். பேச்சாளர் ஒருவரைச் சிறைக்கு அனுப்பினால் அந்தக் கேள்விகள் மூடப்பட்டுவிடுகின்றன.

கேட்பவர்களுக்குச் சில குறிப்புகள்

வகுப்பில் இப்படி ஒரு கூற்று வந்தால் மூன்று கேள்விகளை அமைதியாக, மரியாதையோடு கேளுங்கள். இது எப்படித் தெரிய வந்தது? இது தவறு என்று காட்டக்கூடிய சான்று எதுவாக இருக்கும்? இது பாடத்திட்டத்தில் எங்கே இருக்கிறது? முதல் இரண்டும் அறிவியலின் கேள்விகள். மூன்றாவது சட்டத்தின் கேள்வி. எது சொல்லப்பட்டது, யாரால், எந்த நாள், யார் முன்னிலையில் என்பதை அன்றே எழுதி வையுங்கள். மதிப்பெண் குறையும் என்ற அச்சம் உண்மையானது. ஆகவே தனியாக நிற்காமல் வகுப்புத் தோழர்கள் சிலரின் கையெழுத்தோடு தலைமையாசிரியருக்கோ கல்லூரி முதல்வருக்கோ எழுதுங்கள். அரசுப் பள்ளியாயின் மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு படி அனுப்புங்கள். வெளியாள் பேச வந்திருந்தால், அவரை அழைத்த ஆணையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

பெற்றோருக்கும் ஓர் அதிகாரம் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும். நம் பகுதிப் பள்ளிகளில் அந்த இடங்களில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

கேள்வி கேட்டதற்காக மத உணர்வைப் புண்படுத்தினாய் என்று மிரட்டினால் அஞ்ச வேண்டாம். பழைய தண்டனைச் சட்டத்தின் 295ஏ, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு, வேண்டுமென்றே தீய நோக்கத்தோடு செய்யப்படும் அவமதிப்பை மட்டுமே தண்டிக்கிறது என்பதை 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. சான்று கேட்பது அவமதிப்பு ஆகாது. ஆனால் சொல்லில் கவனம் தேவை. ஒருவரின் தெய்வத்தைப் பழித்துப் பேசிவிட்டு அதைக் கேள்வி என்று வாதாட முடியாது.

அசோக் நகர் அரங்கில் அன்று எழுந்து நின்றவர் ஒருவரே. அவர் பணிப் பாதுகாப்பும் வயதும் உடைய ஆசிரியர். அதே பேச்சை ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளியில், காணொளி எடுப்பார் யாருமில்லாத வகுப்பறையில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். தன் தந்தை ஏன் சாக்கடையில் இறங்குகிறார் என்பதற்கு அங்கே அவளுக்கு ஒரு விடை கிடைத்துக்கொண்டிருக்கும். அது பொய் என்று அவளுக்குச் சொல்ல வேண்டிய கடமை ஆசிரியருக்கு உண்டு. ஆசிரியர் தவறினால், கல்லூரி முடித்து ஊர் திரும்பும் உங்களுக்கு உண்டு.